உப்பு முதலில், ஆசிட் பிறகு

ஆம்பூர்
18-8-1986

ஜெயபுஷ்பத்துக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று ரஷீத் பாய் சொல்லிவிட்டார். எங்கள் டேனரியில் தோல் தரம் பிரிக்கிற ரஷீத் அஹமதுதான். மகளைப் பார்க்க பெங்களூர் வந்தபோது மார்க்கெட்டில் உன்னைப் பார்த்தாராம். நீ டைப்பிஸ்டாக இருக்கிற இன்ஸ்டிட்யூட்டில் புத்தகம் மாதிரியே பக்கம் அடித்துத் தருகிற கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம், நீ அதில் வேலை கற்றுக்கொள்கிறாயாம். அதன் பெயர் லேட்டக்ஸ் என்றார். லேட்டக்ஸ் என்றால் இங்கே ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற ரப்பர் பால். அதை வைத்து எப்படிப் புத்தகம் அடிப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவரும் விளங்காமல்தான் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டுத் தோலுக்குப் பிக்கிள் போடுவது, அதாவது பதனிடுவதற்கு முன் உப்பிலும் ஆசிட்டிலும் ஊறவைப்பது பற்றி இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். மெட்ராஸில் தோல் வியாபாரத்துக்காக நடக்கிற பத்திரிகைக்கு அனுப்பினேன். கையெழுத்துப் பிரதிகளைப் பார்ப்பதில்லை என்று சீட்டு வைத்துத் திருப்பிவிட்டார்கள். பஜாரில் டைப் அடிக்கிறவனிடம் கொடுத்தால், மயிர் நீக்கின தோலுக்கு நான் P போட்டு எழுதிய ‘பெல்ட்’ என்ற வார்த்தையை B போட்டு இடுப்பில் கட்டுகிற பெல்ட்டாக மாற்றி அடித்துவிட்டு, “உங்க தப்பைத் திருத்திட்டேன் சார்” என்கிறான்.

டிசம்பரோடு எனக்கு ரிட்டையர்மென்ட். கட்டுரையின் கீழே ‘ட்ரம் யார்டு மேஸ்திரி’ என்று போட்டு அனுப்ப வேண்டும். ஜனவரியில் அனுப்பினால் ‘முன்னாள்’ என்று சேர்க்க வேண்டியிருக்கும். எனக்கு அது தேவையில்லை.

உன்னால் முடியுமா முடியாதா, அதை மட்டும் எழுது. ஆறு வருஷமாக ஒன்றும் எழுதாமல்தானே இருந்தாய்.

சா. கிருபானந்தம்


பெங்களூர்
23-8-1986

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

முடியும்.

ஆறு வருஷமாக நான் எழுதவில்லை என்பது பொய். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கார்டு போட்டேன். ஒவ்வொன்றும் ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் கிறுக்கலோடு திரும்பி வந்தது. கையால் எழுதி அனுப்பியது திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்று மெட்ராஸ்காரர்கள் இப்போது உங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, விடுங்கள். உங்கள் கடிதம் வந்தது எனக்கும் நல்லதாயிற்று. இங்கே டைப்ரைட்டர்களை எடுத்துவிடப் போகிறார்கள். டிசம்பருக்குள் டைப்பிஸ்டுகள் ஒவ்வொருவரும் இந்த கம்ப்யூட்டரில் தாங்களே ஒரு முழு டாக்குமென்ட் செய்து காட்ட வேண்டும். காட்டாதவர்களை ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. ஸ்டோரில் பினாயில் பாட்டில் எண்ண எனக்கு மனசில்லை. பக்கத்து மேஜை வஜீதா தன் பையனின் பள்ளிப் பாடத்தை அடிக்கிறாள். அடிக்க எனக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தது. உங்கள் கட்டுரைதான் என் முதல் டாக்குமென்ட்.

இது டைப்ரைட்டர் மாதிரி இல்லை. எது தலைப்பு, எது பத்தி, எது தடித்த எழுத்து என்று நடுநடுவே கட்டளை எழுதிச் சொல்ல வேண்டும். இடம் விடுவது, வரி மடக்குவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் கட்டுரையை அனுப்பினால் போதும், கட்டளைகளை நான் போட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் இருதயராஜ் உங்களை விசாரித்தார். அவருக்கு வயிற்றுப் புண். ஒரு வருஷமாகக் காரம் தொடுவதில்லை. மற்றபடி சுகம்.

உங்கள் தங்கை,
புஷ்பம்


ஆம்பூர்
28-8-1986

ஜெயபுஷ்பத்துக்கு,

என் கட்டுரைக்குள் இன்னொருவர் கை நுழையக் கூடாது. கட்டளைகள் என்னென்ன என்று எழுதி அனுப்பு. நானே போடுகிறேன். கெமிக்கல் பீப்பாயில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படித்து இங்கிலீஷ் கற்றவன் நான். எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு டேனரியின் சுண்ணாம்புக் குழியில் இறங்கியதால் நீ வேலூரில் டைப் படித்தாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கலாம். கம்ப்யூட்டர் என்ன பெரிய கம்ப்யூட்டர்.

யார் விசாரித்தாலும் எனக்கு எழுத வேண்டியதில்லை.

சா. கிருபானந்தம்


பெங்களூர்
3-9-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

சுண்ணாம்புக் குழி எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் மறக்கவிட்டால்தானே. நீங்கள் குழியில் நின்றதற்கு நான் கடைசிவரை கல்யாணம் பண்ணாமல் இருந்து ஈடு கட்ட வேண்டும் என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

கட்டளைகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். புரொபசர் கொடுத்த ஜெராக்ஸ் புத்தகத்தில் எனக்கு விளங்கியதை மட்டும். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் இடப்பக்கம் சாய்ந்த கோடு வர வேண்டும். முதலில் இது என்ன வகை டாக்குமென்ட் என்று சொல்ல வேண்டும், பிறகு ‘பிகின்’, கடைசியில் ‘எண்ட்’. நடுவில் இருப்பதுதான் பக்கத்தில் வரும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் நெளிந்த அடைப்புக்குறியைத் திறந்து, அதற்கான கட்டளையை எழுதி, வார்த்தைகளை எழுதி, அடைப்புக்குறியை மூட வேண்டும்.

முதலில் ஒரு பக்கம் மட்டும் அனுப்புங்கள். சரியாக வருகிறதா பார்ப்போம்.

புஷ்பம்


ஆம்பூர்
10-9-1986

ஜெயபுஷ்பத்துக்கு,

ஒரு பக்கம் இத்துடன். நீ சொல்கிற நெளிந்த அடைப்பை நான் மீசை அடைப்பு என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வாட்ச்மேன் கவுஸ் பாஷாவின் மீசையை நெட்டுக்குத்தலாக நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும். இடது மீசை, வலது மீசை.

எழுத்துக்கு எழுத்து நான் எழுதியபடியே அடி. என்ன தப்பு தெரிந்தாலும் திருத்தாதே. என் பெயரைப் போட்டு நான் சொல்லாததை அச்சடிக்கிற பழக்கம் உனக்கு உண்டு.

என்ன சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். கல்யாணத்தை அவர்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைத்து நடத்தப் போகிறாய், நான் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அதற்குப் பிறகும் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும் சா. கிருபானந்தம்’ என்று போட்டாய். ஆம்பூர் முழுக்க அது போனது. என் பெயரைப் பார்த்து ரஷீத் பாய் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு பெங்களூருக்கே வந்தார். கூப்பிட்டவன் அங்கே இல்லை. திரும்பி வந்து, “இன்னா மேஸ்திரி, விருந்துக்குக் கூப்ட்டுட்டு வீட்டைப் பூட்டிக்கினு போய்ட்ட மாதிரி” என்றார். அவர் தமாஷாகத்தான் சொன்னார். எனக்கு அது தமாஷாக இல்லை.

சா. கிருபானந்தம்


பெங்களூர்
17-9-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்துக்கு எழுத்து அடித்தேன். வந்த பக்கத்தை அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். தலைப்பிலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் எல்லாமே தடித்த எழுத்து. பக்கம் முழுக்க யாரோ கத்துவது போல இருக்கிறது. தலைப்புக்கு இடது மீசை போட்டீர்கள், வலது மீசை போட மறந்துவிட்டீர்கள். திறந்ததை நாம் மூடுகிறவரை கம்ப்யூட்டர் அதே குரலில்தான் பேசிக்கொண்டிருக்கும். ஒரு தடவை ஏறின குரலை அதற்கு இறக்கத் தெரியாது. அது எனக்குப் புதுசில்லை, எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார்.

பத்திரிகை விஷயம். அப்பா இல்லை, அம்மா இல்லை. கூப்பிடுகிறவர் பெயர் இல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தால் அவளைக் கேட்க ஆளில்லை என்று அர்த்தம். எனக்கு ஆள் இருந்தது. வேறு யார் பெயரைப் போடுவேன், சொல்லுங்கள். நீங்கள் வரமாட்டேன் என்றதால் நீங்கள் என் அண்ணன் இல்லை என்று ஆகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை.

முழுக் கட்டுரையும் அனுப்புங்கள். மீசையை மூடி.

புஷ்பம்


ஆம்பூர்
2-10-1986

ஜெயபுஷ்பத்துக்கு,

முழுக் கட்டுரையும் இத்துடன். எல்லா மீசையும் மூடியிருக்கிறேன். இரண்டு தடவை சரி பார்த்தேன்.

மூன்றாம் பக்கத்தில் இருக்கிற பிக்கிள் கணக்குதான் இதற்கு உயிர். உனக்குத் தோல் வேலை தெரியாது, அதனால் சொல்கிறேன். தோலின் எடையை நூறு என்று வைத்துத்தான் எங்கள் கணக்கு எல்லாம். தண்ணீர் எண்பது சதவீதம், உப்பு எட்டு சதவீதம், ஆசிட் ஒன்றே கால் சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. உப்பு முழுக்கக் கரைந்து, தோல் ட்ரம்மில் கொஞ்ச நேரம் சுற்றின பிறகுதான் ஆசிட். அதுவும் தண்ணீரில் கலந்து மூன்று தவணையாக. உப்பு இறங்காத தோலில் ஆசிட் விட்டால் தோல் ஊதிப்போகும். ஊதினது கெட்டதுதான், அதை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. புதிதாக வருகிற பையன்கள் அவசரத்தில் இதைத்தான் செய்கிறார்கள். கட்டுரை எழுதியதே இந்த ஒரு விஷயத்துக்காக.

நீ எழுதின மற்றதைப் படித்தேன்.

சா. கிருபானந்தம்


பெங்களூர்
11-10-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு குறையும் சொல்லாமல் வந்துவிட்டது! தப்பு இருந்தால் திரையில் திட்டு வரும். இந்தத் தடவை ஒரு திட்டுக்கூட இல்லை. பிரிண்டர் இருக்கிற அறையைப் பூட்டுகிற நேரத்தில்தான் பக்கங்கள் கிடைத்தன. சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டுவிட்டேன். தலைப்பு நடுவில், உங்கள் பெயர் அதன் கீழே, எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். அச்சில் வந்ததும் கட்டுரை கொஞ்சம் சுருங்கித் தெரிகிறது. அச்சு எழுத்து இடம் கம்மியாகத்தான் எடுக்கும்.

வஜீதா பார்த்துவிட்டு, “இது உங்க அண்ணனா? காலேஜ்ல வாத்தியாரா?” என்றாள். ட்ரம் யார்டு மேஸ்திரி என்று சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது. உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதை எழுதத்தான் செய்வேன்.

புஷ்பம்


ஆம்பூர்
15-10-1986

ஜெயபுஷ்பத்துக்கு,

கவரை நான் வீட்டில் பிரித்திருக்க வேண்டும். டேனரி வாசல் டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போது பிரித்தேன். ரஷீத் பாயிடம் கொடுத்து உரக்கப் படியுங்கள் என்றேன். அவர் மூன்றாம் பக்கம் வரைக்கும் நன்றாகத்தான் படித்தார். அதற்குப் பிறகு என்ன படித்தார் தெரியுமா? “வாட்டர், எண்பது சால்ட், எட்டு ஆசிட்.” படித்துவிட்டு, “எட்டு ஆசிட்டா? அவ்ளோ ஜாஸ்தி ஊத்துனா தோலு இன்னா, ட்ரம்மே கரைஞ்சிடும் மேஸ்திரி!” என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கீழே வேலை செய்கிற பையன்களும் சிரித்தார்கள்.

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு அளவுக்கும் பிறகு நான் எழுதியது ஒன்றுகூட இல்லை. ‘உப்பு கரைந்த பிறகே’ என்கிற வரி இல்லை. ‘மூன்று தவணையாக’ இல்லை. எண்கள் மட்டும் அடுத்த வரியோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கட்டுரையின் உயிரைத் தேடிப் பிடித்து வெட்டியிருக்கிறீர்கள்.

கம்ப்யூட்டர் தானாக வெட்டாது. யார் வெட்டினது? உன் வீட்டில் இங்கிலீஷ் படித்த ஒருவர் இருக்கிறாராமே. மேஸ்திரிக்கு எதற்கு இவ்வளவு வியாக்கியானம் என்று அவர் கை வைத்தாரா? என் பெயரைப் போட்டு நான் சொல்லாததை அச்சடிப்பது இது இரண்டாவது தடவை.

இனிமேல் எதுவும் அடிக்க வேண்டாம்.

சா. கிருபானந்தம்


பெங்களூர்
20-10-1986

அண்ணனுக்கு,

உங்கள் தாளையும் நான் அடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்து விடவில்லை. திரையில் எல்லாம் இருக்கிறது. தாளில் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இருதயராஜ் உங்கள் கட்டுரையைத் தொடவில்லை. அவரிடம் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். கேட்டுவிட்டு, “உங்க அண்ணன் நல்லா எழுதுறாரு, நேர்ல பேசுனா எப்படி இருப்பாரு?” என்றார். இப்போது உங்கள் கடிதத்தை அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

உப்பு இறங்கின பிறகுதான் ஆசிட் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறீர்கள். என்னிடம் ஒரு தடவையாவது உப்பை முதலில் போட்டதுண்டா? வாயைத் திறந்தால் ஆசிட். ஊதிப்போனால் பழையபடி ஆகாது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னபடி, இனிமேல் எதுவும் அடிக்கவில்லை.

ஜெயபுஷ்பம்


பெங்களூர்
19-11-1986

அண்ணனுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் காரணம் தெரிந்த பிறகு சொல்லாமல் இருப்பது சரியில்லை.

வஜீதா தன் பையனின் கணக்குப் பாடத்தை அடித்தாள். ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வட்டி என்று வருகிற ஒரு கணக்கு. ஐந்து என்பதோடு கணக்கு நின்றுவிட்டது, மிச்சத்தைக் காணோம். அழாத குறையாக என்னிடம் வந்தாள். அவள் தாளைப் பார்த்ததும் எனக்கு உங்கள் மூன்றாம் பக்கம் ஞாபகம் வந்தது. இரண்டிலும் ஒரே இடத்தில் வெட்டு. சதவீதக் குறியில்!

பிறகு ஜெராக்ஸ் புத்தகத்தை முதலிலிருந்து தேடினோம். ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. சதவீதக் குறி இந்த கம்ப்யூட்டருக்கு ஒரு திரைச்சீலை மாதிரி. அதைப் பார்த்தவுடன் அந்த வரியில் மிச்சம் இருப்பதைத் தாளுக்கு அனுப்பாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். தப்பு என்று திட்டவும் திட்டாது. கணக்கு புரொபசர்கள் சதவீதமே எழுதுவதில்லை, அதனால் இங்கே யாருக்கும் இது நேர்ந்ததில்லை. வரிக்கு வரி சதவீதம் எழுதுகிறவர் உலகத்திலேயே தோல் ஆட்கள்தான் போலிருக்கிறது.

குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் போதும், சதவீதமாகவே அச்சாகும். நானே போட்டுவிட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் உங்கள் கட்டுரையில் கை வைக்க மாட்டேன். விருப்பம் இருந்தால் நீங்களே போட்டு அனுப்புங்கள். டிசம்பர் வருகிறது, உங்களுக்கும் எனக்கும்.

ஜெயபுஷ்பம்


ஆம்பூர்
25-11-1986

ஜெயபுஷ்பத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கம்ப்யூட்டர் செய்த வேலை என்று தெரிந்துகொண்டேன். டீக்கடையில் ரஷீத் பாயிடமும் பையன்களிடமும் அதைச் சொல்லிவிட்டேன். “அப்போ தங்கச்சி மேல தப்பில்லைன்றீங்க” என்றார் பாய். நான் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசினேன்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக என் சதவீதக் குறி கைத்தடி இல்லாமல் நடந்தது. இப்போது ஊன்றிக்கொள்ள அதற்கு ஒரு சாய்கோடு வேண்டுமாம். எனக்கு இதில் சம்மதமில்லை. ‘நூற்றுக்கு எட்டு பங்கு’ என்று எழுத்தால் எழுதலாமா என்று பார்த்தேன். அப்படி எழுதினால் ட்ரம் பக்கமே வராதவன் எழுதினது மாதிரி இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். குறிக்குப் பின்னால் இருப்பது தாளுக்கு வராது என்கிறாய். அப்படியானால் அது எங்கே போகிறது? அழிந்துவிடுமா?

சா. கிருபானந்தம்


பெங்களூர்
29-11-1986

அண்ணனுக்கு,

அழியாது. அடித்தபடியே உள்ளே இருக்கும். அந்த ஃபைலைத் திறந்து வேலை செய்கிறவர் திரையில் படிக்கலாம், தாளைக் கையில் வாங்குகிறவருக்குத் தெரியாது. சில பேர் தங்களுக்கு வேண்டிய குறிப்பை வேண்டுமென்றே அப்படி எழுதி வைப்பார்களாம். புத்தகத்தில் போட்டிருக்கிறது.

டிசம்பர் பதினைந்துக்குள் நான் காட்ட வேண்டும். சாய்கோடு போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

புஷ்பம்


ஆம்பூர்
5-12-1986

ஜெயபுஷ்பத்துக்கு,

முழுவதையும் புதிதாக எழுதி அனுப்பியிருக்கிறேன். சாய்கோடு போட வேண்டிய இடங்களில் போட்டிருக்கிறேன். போடாத இடத்தில் மறந்து விட்டேன் என்று நினைத்து நீயாகப் போடாதே. எழுத்துக்கு எழுத்து.

சா. கிருபானந்தம்


பெங்களூர்
12-12-1986

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

கட்டுரை நன்றாக வந்துவிட்டது. இந்தத் தடவை உங்கள் தாளோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். உப்பு கரைந்த பிறகே ஆசிட், மூன்று தவணையாக. எல்லாம் இருக்கிறது. புரொபசரிடம் காட்டினேன். ஸ்டோருக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வஜீதாவுக்கும் வட்டிக் கணக்கு முழுசாக வந்துவிட்டது, அவளும் இங்கேதான்.

கடைசிப் பக்கத்தில், ‘எண்ட்’ கட்டளைக்கு மேல் வரியில், ஒரே ஒரு சதவீதக் குறி சாய்கோடு இல்லாமல் இருந்தது. அதற்கு முன்னால் எண் எதுவும் இல்லை. பின்னால் தமிழில் ஒரு வரி. கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து கிடையாது. ஆனாலும் எழுத்துக்கு எழுத்து என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதனால் அதே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்.

‘கிறிஸ்மஸுக்கு இருதயராஜோடு வா. பிரியாணியில் காரம் கம்மியாகப் போடச் சொல்லிவிட்டேன்.’

அடிக்கும்போது திரை சரியாகத் தெரியவில்லை, அதனால் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன். தாளில் அந்த வரி வரவில்லை, வராது. ஃபைலில் இருக்கிறது. ஆறு வருஷத்தில் அவர் பெயரை நீங்கள் எழுதியது இதுதான் முதல் தடவை.

அவரிடம் சொன்னேன். “காரம் கம்மின்னா பிரியாணியா அது? ஆம்பூர்க்காரங்க சிரிக்க மாட்டாங்களா?” என்றார். அப்புறம் இஸ்திரி போடக் கொடுக்க வெள்ளைச் சட்டையைத் தேட ஆரம்பித்தார். இருபத்து நாலாம் தேதி பாசஞ்சரில் வருகிறோம்.

உங்கள் தங்கை,
புஷ்பம்


ஆம்பூர்
17-12-1986

புஷ்பம்,

பக்கங்கள் வந்தன. இந்தத் தடவையும் டீக்கடையில் வைத்துத்தான் பிரித்தேன். ரஷீத் பாய் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் உரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிரதியை ட்ரம் யார்டு சுவரில் ஒட்டச் சொல்லி முதலாளியே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றை மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. கையெழுத்து என்று மட்டும் இனிச் சொல்ல முடியாது.

நீ எழுதியிருக்கிற வரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு பக்கமும் என் முன்னால் இருக்கிறது, அப்படி ஒரு வரி எதிலும் இல்லை. அச்சில் வராததை நான் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. கல்யாணத்தைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. அதையும் தெரிந்துகொள்.

உன் அண்ணி பச்சை மிளகாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். ரஷீத் பாய் வருகிறேன் என்கிறார். குத்துவிளக்கு கொடுத்த வீட்டு மாப்பிள்ளையை அவர்தான் அழைக்க வேண்டுமாம். டிசம்பர் பனி அவருக்கு ஆகாது. பாசஞ்சர் என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அவரைத் தனியாக நிற்க விடக் கூடாது என்பதற்காக நானும் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியிருக்கும். நீங்கள் வேறு விதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன்